கரிய குன்று தெரிகிறது

பாக்தாத், ஷவ்வாக்கா
9 மார்ச் 1974

அன்புள்ள தௌஃபீக் அண்ணனுக்கு,

சலாம். இங்கே நானும் சுஹாமும் சின்னவளும் உங்கள் மாப்பிள்ளை ஷாக்கிரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய எலுமிச்சை வற்றலைத் தேநீரில் போட்டுக் குடித்தீர்களா, இல்லை வழக்கம்போல் பெட்ரோல் பங்க்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா?

முக்கியமான செய்தி, ஷாக்கிருக்குக் கம்பெனியில் புது பஸ் கொடுத்துவிட்டார்கள். கண்டக்டர் அதே ரஸ்ஸாக்தான். பத்து வருஷமாக இருவரும் சண்டை போட்டுக்கொண்டே பாலைவனத்தைத் தாண்டி ருத்பா போய்வருகிறார்கள், புது பஸ்ஸிலும் அதே சண்டை தொடரும். இனி வாரத்தில் இரண்டு நாள் உங்கள் நிலையத்தைத் தாண்டித்தான் போவார், ஆகவே கடிதம் தாமதம் என்று நீங்கள் தபால்காரரைத் திட்ட முடியாது.

தெருவில் இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என் மச்சான் சரின்னு சொன்னாத்தான் டிப்போல பஸ்ஸே நகரும் தெரியுமா" என்று ரொட்டிக் கடைக்காரனிடம் அளக்கிறார். உண்மைதானே. விடிந்ததும் டிப்போ மேலாளர் வானிலை அலுவலகத்துக்கு போன் போட்டு, உங்கள் கிலோ நூற்றுத்தொண்ணூறு நிலையம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை விடுகிறார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். யார் அழகு, பஸ்ஸா உங்கள் மாப்பிள்ளையா என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை
பஹீஜா


கிலோ நூற்றுத்தொண்ணூறு வானிலை நிலையம்
17 மார்ச் 1974

அன்புத் தங்கை பஹீஜாவுக்கு,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் சலாம். நான் நலம். இருமல் பாதி போய்விட்டது, எலுமிச்சை வற்றலும் பாதி போய்விட்டது. அந்தப் பாதி எங்கே போனது என்று கேட்காதே.

படம் கிடைத்தது. பஸ்தான் அழகு, சந்தேகமே இல்லை. பிள்ளைகள் இருவரும் மடமடவென்று வளர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அவர்கள் பக்கத்தில் சின்னவராகத் தெரிகிறார்.

இங்கே என்ன புதிது இருக்கப்போகிறது? மணிக்கொரு தடவை வெளியே வந்து மேற்கே பார்த்து நிற்கிறேன். தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் அரை கிலோமீட்டர், போலீஸ் சாவடிச் சுவர் தெரிந்தால் இரண்டு, கரிய குன்று தெரிந்தால் எட்டு. எவ்வளவு தூரம் வரை தெரிகிறது என்று உள்ளே போய் வயர்லெஸில் சொல்கிறேன். இருபத்தேழு வருஷமாக இதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சோறு போடுகிறது. கோழிகள் ஆறும் சௌக்கியம்.

அன்புடன்
தௌஃபீக்


பாக்தாத்
2 ஏப்ரல் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் படத்தில் பிள்ளைகள் இல்லை அண்ணா. அன்றைக்கு அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பஸ் பக்கத்தில் கறுப்பு அபாயாவில் நிற்பது நான். எனக்கு அந்தப் பக்கம் வழுக்கைத் தலையோடு பல்லைக் காட்டி நிற்பது ரஸ்ஸாக். ரஸ்ஸாக்கிடம் சொன்னேன். "என்னைப் பொம்பளப் புள்ளன்னு நினைச்சாரா? அல்ஹம்துலில்லாஹ், இந்த வயசுல யாரு இப்படி நினைப்பாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஷாக்கிர் ஒன்று சொன்னார். "பஸ்ஸை நிறுத்தி இறங்கி, மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே நடந்தேன். மனுஷன் என்னையே பார்க்கிறார், ஆனா அசையல. கிட்டப்போய் சலாம் சொன்னதும்தான், 'அட ஷாக்கிரா'ன்னு சிரிக்கிறார். ஏதோ யோசனையில இருந்திருப்பார் போல." அவர் அப்படி நினைத்துக்கொண்டார், நான் நினைக்கவில்லை. உங்கள் கையெழுத்தையும் பார்த்தேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

உங்கள் கண்ணுக்கு என்ன?

பஹீஜா


கிலோ நூற்றுத்தொண்ணூறு
20 ஏப்ரல் 1974

அன்புத் தங்கைக்கு,

சலாம். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். ஒரு கோழியை நரி தூக்கிப் போய்விட்டது. இந்த வருஷம் மழை இல்லாததால் ஆட்டுக்காரர்கள் சீக்கிரமே வடக்கே போய்விட்டார்கள், பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. பெட்ரோல் பங்க்காரர் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். ஈச்சம்பாகும் எள் விழுதும் அனுப்பியதற்கு நன்றி, ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டேன், வீட்டு ஞாபகம் வந்தது. சுஹாம் படிப்பு எப்படி?

அன்புடன்
தௌஃபீக்


பாக்தாத்
25 ஏப்ரல் 1974

அண்ணனுக்கு,

சலாம். கோழி போனதற்கு வருத்தப்படுகிறேன். நான் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை.

நேற்று இங்கே வருஷத்தின் முதல் தூசி அடித்தது. ஒரு மணி நேரம்தான். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதற்கு முதல் நாளே நீங்கள் எச்சரிக்கை கொடுத்துவிட்டதால் பஸ் போகவில்லை, ஷாக்கிரும் வீட்டில்தான் இருந்தார். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரே வரியில் பதில் போதும். இந்தத் தடவையும் சுற்றிவளைத்தால் ஷாக்கிரிடம் சொல்லி உங்களை டாக்டரிடம் இழுத்துவரச் சொல்வேன்.

பஹீஜா


கிலோ நூற்றுத்தொண்ணூறு
4 மே 1974

பஹீஜாவுக்கு,

சலாம். இந்தக் கடிதத்தை நன்றாக ஒட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற மனிதர் இல்லை, தெரியும். இருந்தாலும் ஒட்டினேன்.

போன ரமலானில் ஆரம்பித்தது. முதலில் கண்ணாடி அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினாலும் அதே மாதிரி இருந்தது. இப்போது பக்கத்தில் உள்ளதை உருப்பெருக்கி வைத்துப் படித்துவிடுகிறேன். தூரம் முழுக்க வெள்ளை. தொட்டி மங்கலாகத் தெரியும், சாவடிச் சுவர் தெரியாது.

குன்று தெரிகிறது. அதுதான் வேடிக்கை. அந்த இடத்தில் நின்று மேற்கே திரும்பினால் போதும், இடது பக்கத்துப் பள்ளம் உட்பட அப்படியே தெரிகிறது. இருபத்தேழு வருஷம் பார்த்தது இல்லையா? அது அங்கே இருந்து தெரிகிறதா, என் தலைக்குள் இருந்து தெரிகிறதா என்றுதான் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பயப்படாதே. தூசிக்கு முன்னால் காற்று வரும். காற்று மாறினால் என் கை ரோமத்துக்குத் தெரியும், பல்லில் மண் கடிபடும், கோழிகள் தாமாகக் கூட்டுக்குள் போகும். சின்ன வயதில் மொட்டைமாடியில் எல்லோருக்கும் முன்னால் தூசியை மோந்து சொல்வேனே, நினைவிருக்கிறதா? இன்றுவரை ஒரு தப்பும் நடக்கவில்லை.

இப்போது சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். இந்த அறையும் அரசாங்கத்தினுடையது. ஏழு மாதமாகப் பொய் அறிக்கை கொடுத்தான் என்று பென்ஷனையும் மறுத்துவிடுவார்கள். கோடை முடியட்டும். தூசிக் காலம் கடந்ததும் நானே லீவு போட்டு வந்து கண்ணைக் காட்டுகிறேன். அதுவரை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. அவருக்குத் தெரிந்தால் டிப்போவில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. நேர்மையான மனிதர்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

தௌஃபீக்


பாக்தாத்
11 மே 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படித்துவிட்டு மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கல்யாணமான பதினாறு வருஷத்தில் இவரிடம் மறைத்து ஒரு பொருளை வைப்பது இதுதான் முதல் தடவை.

வாப்பா மௌத்தான பிறகு நீங்கள் அந்தப் பாலைவன வேலைக்குப் போனது எனக்காகத்தான். என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கேயே இருந்துவிட்டதும் எனக்குத் தெரியும். நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதனால்தான் என்னால் முடியாது என்று எழுத முடியவில்லை.

சரி. கோடை முடியும்வரை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாக்குக் கொடுங்கள். துளி சந்தேகம் இருந்தாலும் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பஸ் ஒரு நாள் நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அவர் கிளம்பும்போது, பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்று பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவேன், எல்லோரும் செய்வதுதான். இப்போது ஒரு குடம் ஊற்றுகிறேன். "என்னடி, என்னை அனுப்பி வைக்கிறியா இல்ல தெருவைக் கழுவுறியா?" என்று இன்றைக்குக் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

உங்கள்
பஹீஜா


பாக்தாத்
3 ஜூன் 1974

அண்ணனுக்கு,

சலாம். நான் உயிரோடு இருக்கிறேன், ஷாக்கிரும் உயிரோடு இருக்கிறார். வேறு டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் கிளம்பினார். வானம் சுத்தமாக இருந்தது. பத்தரை மணிக்கு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரிந்தது. சரியாகத் துவைக்கவில்லையோ என்று முகர்ந்து பார்த்தேன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமே இல்லை. சிறிது நேரத்தில் வானம், சுவர், என் கை எல்லாமே ஆரஞ்சுத் தோல் நிறமாகிவிட்டது. பட்டப்பகலில் விளக்குப் போட்டார்கள். தெருவில் முகம் தெரியவில்லை, இருமல் சத்தம்தான் கேட்டது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு டிப்போவுக்கு ஓடினேன்.

"பதறாதீங்கம்மா. ஒன்பது மணி அறிக்கை வரைக்கும் கிலோ நூற்றுத்தொண்ணூறுல எட்டு கிலோமீட்டர் சுத்தமா இருக்குன்னு வந்திருக்கு. இது வேற பக்கத்துத் தூசி" என்றார் மேலாளர். வயசான மனிதர், எனக்கு நாற்காலி போட்டார். அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் நிலையத்துக்கு இருபது கிலோமீட்டர் முன்னால் ஒரு எண்ணெய் லாரி ரோட்டிலேயே நின்றிருக்கிறது. பஸ் அதில் மோதியிருக்கிறது. ருத்பாவுக்குப் போன ஒரு வாத்தியார் இறந்துவிட்டார். ரஸ்ஸாக்கும் இறந்துவிட்டார். ஷாக்கிருக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

பஹீஜா


பாக்தாத்
12 ஜூன் 1974

தௌஃபீக்,

மூன்று பஸ் வந்துவிட்டது. மூன்று டிரைவர்களிடமும் போய்க் கேட்டுவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சலாம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

விசாரணை அதிகாரியிடம் நேற்று போனேன். "உங்க வீட்டுக்காரர் ஸ்டீயரிங்ல தூங்கியிருக்கார்மா" என்றார். "தூசில ஒண்ணும் தெரியலன்னு சொல்றாரே ஐயா. பயணிங்களும் சொல்றாங்களே" என்றேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "ஆறு மணி, ஏழு மணி, எட்டு, ஒன்பது. எல்லாத்துலயும் எட்டு கிலோமீட்டர். பயந்துபோன ஜனங்க ஆயிரம் சொல்லுவாங்க. காகிதம் பயப்படாது, தூங்கவும் தூங்காது. அதுவும் எழுதினது இருபத்தேழு வருஷ சர்வீஸ் உள்ள ஆளு, உங்க கூடப்பிறந்த அண்ணன்."

அது போகட்டும். ஷாக்கிர் என்ன சொல்கிறார் தெரியுமா? அவரை ஆஸ்பத்திரியிலிருந்து லாக்கப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கம்பிக்குப் பின்னால் நின்று கேட்கிறார். "மச்சான் எட்டு கிலோமீட்டர்னு சொன்னா அது எட்டு கிலோமீட்டராத்தான் இருக்கும் பஹீஜா. அவர் தப்பா சொல்லமாட்டார். அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. தூங்கித்தான் போயிட்டேனோ? ரஸ்ஸாக்கை நான்தான் கொன்னுட்டேனோ?" தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறேன் என்கிறார். அழுது, கெஞ்சி, இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை வரை தள்ளிப்போட வைத்திருக்கிறேன். அவர் தன் கண்ணை நம்பவில்லை. உன் கண்ணை நம்புகிறார்.

சனிக்கிழமைக்குள் நீ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உன் மே மாதக் கடிதத்தை அந்த அதிகாரி மேசையில் வைப்பேன். அதில் "மாப்பிள்ளையிடம் சொல்லாதே" என்று இருக்கிறது. அது வெளியே வந்தால் எனக்கும் முன்பே தெரியும் என்று ஷாக்கிருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு தடவையும் அவரை வழியனுப்பி வைத்தேன் என்று தெரிந்துவிடும். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் நீயே சொல் என்று கேட்கிறேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

பஹீஜா


கிலோ நூற்றுத்தொண்ணூறு
20 ஜூன் 1974

பஹீஜாவுக்கு,

சலாம். பெரிது பெரிதாக எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வருகிறது. உன் கடிதத்தை உருப்பெருக்கியில் படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. இனி எழுதாதே, என்னால் படிக்க முடியாது.

அன்றைக்குக் காற்றே இல்லை. அதுதான் நடந்தது. வேறு எங்கோ எழும்பிய தூசி, புகை மாதிரி சத்தமில்லாமல் வந்து இறங்கியிருக்கிறது. முகத்தில் ஒன்றும் படவில்லை. எனக்குச் சளி, மூக்கும் அடைத்திருந்தது. மேற்கே திரும்பினேன். குன்று தெரிந்தது. நாலு தடவை போய் நின்றேன், நாலு தடவையும் தெரிந்தது. பத்து மணிக்குப் பல்லில் மண் கடிபட்டபோதுதான் புரிந்தது. அப்போது கோழிகளைத் தேடினேன். அவை விடியற்காலையிலிருந்தே கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

நேற்றுக் காலை ஆறு மணி அறிக்கையில் சொன்னேன். எல்லா நிலையமும் கேட்கும் நேரம் அது. "கிலோ நூற்றுத்தொண்ணூறு. கரிய குன்று தெரியவில்லை. ஒன்பது மாதமாகத் தெரியவில்லை. மே இருபத்தொன்பதாம் தேதி நான் சொன்ன எட்டு கிலோமீட்டர் பொய்." அந்தப் பக்கம் இருந்தவன், "என்ன சார், திரும்பச் சொல்லுங்க" என்றான். திரும்பச் சொன்னேன். மத்தியானமே இரண்டு பேர் ஜீப்பில் வந்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். புது ஆள் வரும்வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். என்னுடையதை நீயும் போட்டுவிடு.

என்னை நீ என்றே எழுதியிருந்தாய். நான் செய்ததற்கு அது போதாது எனக்கு.

தௌஃபீக்


பாக்தாத்
27 ஜூன் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். திங்கட்கிழமை அவரை விட்டுவிட்டார்கள். தோள் கட்டோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் அவர் சட்டையை விடவே இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கக் கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதங்களை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசினார். "பாவம் மச்சான். ஒன்பது மாசம் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம ஒத்தையாத் தாங்கியிருக்கார். உன்கிட்டகூட சொல்லல பாரு. உனக்கு எவ்வளவு அதிர்ச்சியா இருந்திருக்கும்." எழுந்து வந்து, நல்ல கையால் என் தலையைத் தடவிக்கொடுத்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். மடித்தார். "அவருக்குத்தான் கண்ணு தெரியல. உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இன்றோடு மூன்று நாள் ஆகிறது, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதாதே, படிக்க முடியாது என்றீர்கள். படித்துக்காட்ட ஆள் வருகிறது. சனிக்கிழமை பஸ்ஸில், பயணியாக உட்கார்ந்து, அவரே வருகிறார். "மாமாவை அங்க தனியா விட்டுட முடியாது. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சுஹாமிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல், அவர் சட்டைப் பையில் வைக்கிறேன். உங்களுக்கு இதைச் சத்தமாகப் படிக்கப் போவது அவர் குரல்தான்.

ஆகவே சுஹாமின் வாப்பா, நிறுத்தாமல் மேலே படியுங்கள். நாளைக்கு ரஸ்ஸாக் வீட்டுக்குப் போகிறேன். அவர் மனைவி எதிரில் உட்கார்ந்து, எனக்குத் தெரியும் என்று சொல்லப் போகிறேன். அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். என் அண்ணனை நினைத்தபோது உங்களை நினைக்கவில்லை. அதுதான் உண்மை, அதற்கு மேல் காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அண்ணனைப் பத்திரமாகக் கூட்டி வாருங்கள். படியில் கைபிடித்து ஏற்றுங்கள். வந்ததும் என்னிடம் பேசுங்கள், திட்டினாலும் சரி.

இதையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பஹீஜா